கப்பல் உடைந்தவர்களுக்கான நூலகம்: மதுரைத் திட்டம் பற்றி ஒரு வாசகியின் மதிப்புரை

வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு வந்து, தமிழில் எதையாவது படிக்கக் கிடைக்காதா என்று ஏங்கும் எவருக்கும் நான் முதலில் பரிந்துரைப்பது மதுரைத் திட்டம் என்னும் இலவச இணைய நூலகத்தைத்தான். புலவர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் உரிய தளம் இது என்று எண்ணிப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஜெர்மனியின் ஒரு நடுத்தர நகரத்தில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டு, மாலை நான்கரை மணிக்கே இருட்டிவிடும் டிசம்பர்களை இந்தத் தளத்தின் துணையோடு கடந்து வந்தவள் என்ற முறையில், இதை ஒரு மனத்துணையாகவே மதிப்பிட விரும்புகிறேன். ஆய்வாளர் இங்கே பாடபேதம் தேடுவார். நான் தேடியதோ, முன்பின் தெரியாத மண்ணில் தனியாக நின்ற கதைமாந்தர்கள் அங்கே என்ன செய்தார்கள், யாரிடம் பேசினார்கள், எதற்கு அழுதார்கள், எதை விட்டுக்கொடுக்க மறுத்தார்கள் என்பவற்றை.

மதுரைத் திட்டம் 1998 ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்டது. இதற்குத் தலைமை ஏற்றவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம், அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ஜுனன் துணைநின்றார். பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழர்கள் ஊதியம் எதுவும் பெறாமல், தங்கள் ஓய்வு நேரத்தில் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் அனுப்ப, அவை ஒவ்வொன்றாக வலையேறின. உ.வே. சாமிநாதையர் மணிமேகலையை அச்சில் கொண்டுவந்த ஆண்டு 1898 என்பதை நினைத்துப் பார்த்தால், ஏட்டிலிருந்து தாளுக்கு வந்த அந்தக் காப்பியம் சரியாக ஒரு நூற்றாண்டு கழித்துக் கணினித் திரைக்கு வரும் வழியும் திறந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. கணினியில் தமிழ் எழுத்துகளுக்கென்று பொதுவான முறை எதுவும் நிலைபெறாத காலத்தில் தொடங்கிய பணி இது. பின்னர் தமிழுக்கென அமைந்த டிஸ்கி என்னும் எழுத்துக் குறியேற்றத்துக்கும், அதன்பின் எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடுக்கும் நூல்கள் மாற்றப்பட்டன. இன்று எந்தக் கைப்பேசியிலும் எந்த எழுத்துருவும் நிறுவாமல் படிக்க முடிவது அந்த உழைப்பின் பயன்.

பயன்படுத்துவதில் சிக்கல் ஏதும் இல்லை. கணக்குத் தொடங்கவோ கட்டணம் கட்டவோ வேண்டியதில்லை. விளம்பரத் தொல்லையும் கிடையாது. திருக்குறள், சங்க நூல்கள், ஐம்பெருங்காப்பியங்கள், தேவாரம், கம்பராமாயணம் தொடங்கி பாரதியார், பாரதிதாசன், புதுமைப்பித்தன், கல்கி வரை நீளும் பட்டியலில் வேண்டியதைத் தட்டினால் நூல் விரிந்துவிடும். வலைப்பக்கமாகவும் படிக்கலாம், பிடிஎஃப் கோப்பாக இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். ஊரிலிருந்து கிளம்பும்போது விமானத்தில் அனுமதிக்கும் எடையெல்லாம் பருப்புக்கும் பொடிகளுக்கும் போய்விட, ஐந்து பாகப் பொன்னியின் செல்வனை அம்மா பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தது பலர் வீட்டில் நடந்திருக்கும். அந்த நூலும் இங்கே முழுமையாக இருக்கிறது.

கல்கி 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக எழுதிய அந்தப் புதினத்தைத்தான் இங்கே வந்த முதல் ஆண்டில் நானும் படித்தேன். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் வந்தியத்தேவன், அரசு இழந்த வாணர் குலத்தவன். சோழ நாட்டுக்கு அயலான். கையில் இரண்டு ஓலைகளும் வாய் நிறையப் பேச்சும் தவிர அவனிடம் வேறு முதல் இல்லை. புதிய ஊரில் யாரைக் கண்டாலும் வழி கேட்பதற்கும், கேட்ட இடத்தில் பகையே கிடைத்தாலும் அடுத்தவரிடம் போய்க் கேட்பதற்கும் அவனிடம் இருக்கும் கூச்சமின்மை, விடுதி அறைக்குள் முடங்கும் இயல்புடைய என்னை வெளியே தள்ளியது உண்மை. கோடிக்கரையிலிருந்து தனியாகப் படகு செலுத்தும் பூங்குழலியும் அப்படியே. இருப்பினும் வந்தியத்தேவனின் துணிச்சலுக்குப் பின்னால் எப்போதும் கதாசிரியரின் கருணை நிற்கிறது. அவன் மூழ்கும் இடத்தில் எல்லாம் ஒரு படகு வந்து சேர்கிறது. இளமைக்கு உகந்த துணை அவன். விசா நீட்டிப்புக்குக் காத்திருக்கும் ஒருவருக்கு வேறு வகையான துணையும் வேண்டியிருக்கிறது.

அந்தத் துணை எனக்கு மணிமேகலையில் கிடைத்தது. பள்ளியில் இந்தக் காப்பியத்தைப் பசிப்பிணி தீர்த்த பாத்திரத்தின் கதை என்று படித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். கடல் கடந்து போனவர்களின் கதைகள் இதில் எத்தனை அடுக்காக இருக்கின்றன என்பது, நானே கடல் கடந்த பிறகுதான் கண்ணில் பட்டது. உறக்கத்தில் இருக்கும் மணிமேகலையைத் தெய்வம் தூக்கிச் சென்று மணிபல்லவத் தீவில் விட்டுவிடுகிறது. விடியலில் கண்விழிக்கும் அவள், அது தன் ஊர்ப் பூஞ்சோலையின் ஒரு பகுதியாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு, தோழி சுதமதி எங்கோ ஒளிந்து விளையாடுகிறாள் என்று அவளைக் கூப்பிடுகிறாள். நனவா கனவா தெரியவில்லை, விடிந்துவிட்டது, நம்மைக் காணாமல் தாய் மாதவி கலங்குவாளே, வெளியே வா என்கிறாள். வந்த புதிதில் காலையில் கண்விழித்ததும் சன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பிடிபடாமல், அடுப்படியில் அம்மா இருக்கும் ஓசைக்காகக் காது கொடுத்த அனுபவம் உள்ள எவரும் அந்த அடிகளை வெறும் பாட்டாகப் படித்துவிட முடியாது. அவள் வாய்விட்டு அழுகிறாள். இறந்துபோன தந்தை கோவலனை நினைத்து அழுகிறாள். பின்னாளில் ஊருக்கே அமுதிடப் போகிறவளைச் சாத்தனார் முதலில் இப்படி அழவிடுகிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். தைரியமாக இரு என்று தொலைபேசியில் எல்லோரும் சொல்லும் நாட்களில், அழுதுவிட்டும் தைரியமாக இருக்கலாம் என்று சொன்ன ஒரே குரல் அது.

இந்தத் தளத்தில் நான் மிக அதிகமாகத் திறந்திருக்கும் பக்கம், அதே நூலின் 16 ஆவது காதையான, அதாவது அத்தியாயமான, ஆதிரை பிச்சையிட்ட காதை. அதில் வரும் சாதுவன் பெரிய வீரன் அல்லன். மனைவி ஆதிரையை விட்டுப் பிரிந்து, கணிகையிடமும் சூதிலும் பொருளைத் தொலைத்து, கையில் ஒன்றும் இல்லாமல் போன பிறகு வணிகர்களோடு கப்பலேறியவன். கப்பல் காற்றில் உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு அவன் நாகர் வாழும் மலைப் பக்கம் கரையேறி, களைப்பில் ஒரு மரநிழலில் உறங்கிவிடுகிறான். நரமாமிசம் உண்ணும் நாகர்கள், தனியாக வந்து அகப்பட்டான், நல்ல உணவு என்று அவனை எழுப்புகிறார்கள். அவனுக்கு அவர்கள் மொழி பிழையறத் தெரிந்திருக்கிறது. எழுந்தவன் அந்த மொழியிலேயே பேசுகிறான். கொல்ல வந்தவர்கள் வியந்து விலகி, அவனைத் தங்கள் தலைவனிடம் அழைத்துப் போகிறார்கள்.

இங்கே நீல அட்டை என்னும், உயர்கல்வி பெற்ற வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான அனுமதியில் வேலை செய்பவர்கள் ஜெர்மன் மொழியில் பி1 என்னும் இடைநிலைத் தேர்ச்சி பெற்றால், மற்ற நிபந்தனைகளும் நிறைவேறும் நிலையில், 21 மாதங்களில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். எங்களில் பெரும்பாலோர் அந்த ஒரு சான்றிதழுக்காகத்தான் மாலை வகுப்புக்குப் போகிறோம். அலுவலக வேலை முழுதும் ஆங்கிலத்தில் நடந்துவிடுகிறது. மதிய உணவு மேசைக்கு வந்ததும் பேச்சு ஜெர்மனுக்கு மாறும். யாரோ ஏதோ சொல்ல எல்லோரும் சிரிப்பார்கள். பாதி புரிந்தவள் அரை நொடி பிந்திச் சிரித்து வைப்பாள். அந்த மேசையில் உட்கார்ந்து சாதுவனை நான் பலமுறை நினைத்திருக்கிறேன். அவனுக்கு மொழி தெரிந்திருந்தது விண்ணப்பப் படிவத்துக்காக அன்று. எதிரே நிற்பவரின் கண்ணில் தன்னை மனிதனாக ஆக்கிக்கொள்ள அது உதவியது. துணை வாக்கியங்களில் வினைச்சொல்லைக் கடைசியில் கொண்டுபோய் வைக்கும் அந்த மொழியைத் தேர்வுக்கு அப்பாலும் தொடர்ந்து படிக்க வேண்டும் என்ற உறுதி, எந்த வகுப்பிலும் வராமல், இந்தக் காதையைப் படித்தபோது வந்தது.

கதை அதோடு முடிவதில்லை. கள் காய்ச்சும் பானைகளும் முடைநாற்றமும் உலரும் எலும்புகளுமாக இருக்கும் இடத்தில், தன் துணையோடு கரடிபோல் வீற்றிருக்கிறான் தலைவன். விருந்தினனுக்கு ஓர் இளம்பெண்ணையும் கள்ளையும் ஊனையும் கொடுக்கச் சொல்கிறான். அவன் அறிந்த மிகச் சிறந்த உபசாரம் அதுதான். சாதுவன் வேண்டாம் என்கிறான். பெண்ணும் உணவும் இல்லாவிட்டால் வாழ்க்கையில் வேறு என்ன பயன் என்று தலைவன் கேட்க, சாதுவன் உட்கார்ந்து விளக்குகிறான். உடலை விட்டுப் போகும் உயிர் வேறிடத்தில் புகும் என்று சொல்லும்போது, ஓரிடத்தை விட்டு வெளியேறியவர்களுக்குப் போய்த் தங்க வேறோர் இடம் இருக்கும் என்பது எல்லோரும் அறிந்ததே என்கிறான். உடல் இங்கே கிடக்க, கனவில் உயிர் நெடுந்தொலைவு போய்வருவதையும் எடுத்துக்காட்டுகிறான். கடலில் எல்லாம் இழந்து வந்த ஒருவனின் வாயில் இந்த எடுத்துக்காட்டுகளைச் சாத்தனார் வைத்திருக்கும் அழகைச் சொல்லி முடியாது.

குளிர்கால விழாக் காலத்தில் குழுவாகச் சந்தைக்குப் போய்ச் சூடான மசாலா ஒயின் குடிப்பது இங்கே வழக்கம். நான் மது அருந்துவதில்லை, இறைச்சியும் உண்பதில்லை. வேண்டாம் என்று சொல்லத் தயங்கி, உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்லி வீட்டுக்குக் கிளம்பிவிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. சாதுவன் காட்டும் வழி அதுவன்று. அவன் ஒளியவில்லை, அவர்கள் உணவை இகழவும் இல்லை, அவர்கள் மொழியில் தன் மறுப்பைச் சொல்லிவிட்டு, எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்து பேசுகிறான். நானும் சூடான ஆப்பிள் சாற்றை வாங்கிக்கொண்டு, கேட்டவர்களுக்கு ஜெர்மனிலேயே காரணத்தைச் சொல்லிவிட்டுக் கடைசி வரை நின்றேன். பக்கத்தில் நின்ற சக ஊழியர் ஒருவர் தம் பாட்டி பெரிய வெள்ளிக்கு முன் நாற்பது நாள் இறைச்சி உண்ணாத கதையைச் சொல்லத் தொடங்கினார். அந்த மாலைக்குப் பிறகு மதிய உணவு மேசையில் எனக்குப் பேச ஆள் கிடைத்தது.

என்னைச் சந்தைக்கு அழைத்தவர்களை நாகர்களோடு ஒப்பிடுவதாக யாரும் கொள்ள வேண்டாம். நாகரைப் பற்றிய அந்த வருணனையே கடற்கரை நகரத்தார் மலைவாழ் மக்களைப் பார்த்த பார்வைதான் என்பதையும் மறக்கக் கூடாது. ஆயினும் சாத்தனார் அந்தத் தலைவனுக்குக் கூர்மையான கேள்விகளைக் கொடுத்திருக்கிறார். கேட்டுத் தெளியும் மனத்தையும் கொடுத்திருக்கிறார். எங்களுக்கு ஆகக்கூடிய அறத்தைச் சொல் என்று அவன் கேட்கும்போது, சாதுவன் தன் சமயத்தின் முழு ஒழுக்கத்தையும் அவன் தலையில் ஏற்றுவதில்லை. மூப்படைந்து இறந்த விலங்குகளை உண்பதை விட்டுவைக்கிறான். மற்ற உயிர்களுக்குத் தீங்கு செய்ய வேண்டாம் என்கிறான். எல்லாவற்றுக்கும் முன்னால், இனிமேல் கப்பல் உடைந்து இங்கே கரையேறுபவர்களைக் கொல்லாமல் அவர்கள் உயிரைக் காப்பாற்றுங்கள் என்று கேட்கிறான். தன் உயிர் தப்பியதும் அவன் கேட்கும் முதல் வரம், அடுத்து வரப்போகிறவனுக்கானது. விமான நிலையத்திலிருந்து புதிதாக வருபவரை அழைத்து வருவது, நகராட்சிப் பதிவுக்கு உடன் போவது, வாடகை ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வது ஆகியவற்றை எங்கள் ஊர்த் தமிழர்கள் முறைவைத்துச் செய்கிறோம். வேலை மிகுந்த வாரங்களில் சலிப்பு வரும்போது இந்த அடிகளைத்தான் திறந்து படித்துக்கொள்கிறேன்.

இந்த நூலில் எல்லாக் கதையும் தெம்பூட்டுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆபுத்திரன் கையில் எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி இருக்கிறது. நாட்டில் மழை பெய்து வளம் பெருகியதால் அவனிடம் வாங்கி உண்ண ஆளில்லை. பஞ்சம் நேர்ந்த சாவக நாட்டுக்குக் கப்பலேறுகிறான். காற்று மிகுந்து கடல் கலங்கியதால் மணிபல்லவத்தில் நின்ற கப்பலிலிருந்து அவன் இறங்கிய நேரத்தில், அவன் ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் போய்விடுகிறது. பலருக்கு ஊட்ட வேண்டிய பாத்திரத்தால் தன் வயிற்றை மட்டும் நிரப்பிக்கொள்ள மனமின்றி, அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர்விடுகிறான். ஊரில் நல்ல பெயர் எடுத்த பிசியோதெரபிஸ்டான என் தோழி ஒருத்தி, அவளுடைய சான்றிதழுக்கு இங்கே அங்கீகாரம் கிடைக்கும்வரை தொழிலைத் தொட முடியாமல் வீட்டில் இருந்தபோது இந்தக் கதையை அவளிடம் சொல்லவே எனக்குத் துணிவு வரவில்லை. அவளாகவே படித்துவிட்டு, தன் நிலைமைக்கு ஒரு பெயர் கிடைத்தது என்றாள். புனைவு சில வேளைகளில் செய்யக்கூடியது அவ்வளவுதான், அதுவும் சிறிதன்று.

இனித் தளத்தின் குறைகள். முகப்பு இன்னும் பழைய கால அட்டவணை வடிவில், எண் வரிசையில் நீள்கிறது. எந்த நூல் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர் திகைத்துப் போவார். ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் வரும் அறிவிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அந்த முகப்புப் பகுதியை நீக்காமல் யாரும் நூலைத் தாராளமாகப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற அருமையான அனுமதியை, தமிழில் முதல் வரியிலேயே போட்டிருக்கலாம். நெடிய நூல்கள் பல பக்கங்களாகப் பிரிந்து கிடப்பதால், விட்ட இடத்தைக் கைப்பேசி நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஆசிரியப்பா அடிகள் சிறிய திரையில் நடுவில் முறிந்து அடுத்த வரிக்கு இறங்குவதால் ஓசை கெடுகிறது. கைப்பேசியைக் கிடையாகப் பிடித்துப் படித்தால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். பிடிஎஃப் கோப்புகள் தாளில் அச்சிடுவதற்கு ஏற்றவை, கைப்பேசியில் கண்ணைச் சோதிப்பவை. தட்டச்சுப் பிழைகளும் ஆங்காங்கே உண்டு. ரகர றகர மயக்கம் பொருளையே மாற்றிவிடும் இடங்களில் அச்சு நூலோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தடை ஒன்று உண்டு. நான் படித்த மணிமேகலைக் கோப்பில் மூலப் பாடம் மட்டுமே இருக்கிறது, உரை இல்லை. சந்தி பிரிக்காத அடிகளைப் பள்ளித் தமிழோடு மட்டும் வருபவர் முதல் பக்கத்திலேயே மூடிவிட நேரலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் உரையோடு கூடிய பாடம் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் உரையைப் படித்துக் கதையை மனத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு மதுரைத் திட்டத்தின் பாடத்தை வாய்விட்டுப் படிப்பது என் வழக்கம். காசு கொடுத்து வாங்கும் மின்நூல்களில் அழகும் வசதியும் கூடுதலாக இருக்கலாம். இவ்வளவு பரப்பும் இவ்வளவு தாராளமும் வேறெங்கும் நான் காணாதவை.

புதிதாக வருபவர்கள் கல்கியிலிருந்து தொடங்கலாம். உரைநடை என்பதால் ரயிலிலும் ஓடும். காப்பியத்துக்குள் நேரே நுழைய விரும்புபவர்கள் மணிமேகலையின் பதிகத்தையும் முதல் காதைகளையும் தாண்டி, எட்டாவது காதையான மணிபல்லவத்துத் துயருற்ற காதையையும், நான் சொன்ன 16 ஆவது காதையையும் முதலில் படித்துவிட்டு, பிறகு தொடக்கத்துக்குத் திரும்பலாம். கதைக்கு இதனால் சேதம் இல்லை. பிழை கண்டவர்கள் கோப்பின் எண்ணையும் அடியையும் சரியான சொல்லையும் குறித்துத் தளத்திலுள்ள தொடர்பு முகவரிக்கு அனுப்பலாம். தட்டச்சு செய்யவும் மெய்ப்புப் பார்க்கவும் முன்வருபவர்களைத் திட்டம் தொடங்கிய நாள் முதலே வரவேற்று வருகிறது.